பி.எஸ்சி. இயற்பியல்: ஊர் சொல்வதும் உள்ளே நடப்பதும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில், "நான் பிசிக்ஸ் எடுக்கப்போறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் போதும். வீட்டுக்கு வருகிற சித்தப்பா, மாமா எல்லாரும் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லிவிட்டுப் போவார்கள். இன்ஜினியரிங் கிடைக்காதவர்கள் சேருகிற படிப்பு அது என்பது அதில் ஒன்று. ஒவ்வொரு வருடமும் பொறியியல் கலந்தாய்வு முடிந்த பிறகும் ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. இன்ஜினியரிங் இடம் கிடைக்காமல் யாரும் இயற்பியலுக்கு வர வேண்டிய நிலை இன்று இல்லை. அந்தத் தீர்ப்பைக் கேட்டுவிட்டு மறந்துவிடலாம். வேறு சில நம்பிக்கைகளை அப்படி விட முடியாது. அந்தப் பிள்ளை மூன்று வருடத்தையும் எப்படிப் படிக்கும் என்பதையே அவை தீர்மானித்துவிடுகின்றன.

"கணக்கு வராது, ஆனா பிசிக்ஸ் பிடிக்கும்"

கருந்துளை பற்றிய வீடியோ பார்த்து வருகிற ஆர்வம் உண்மையானதுதான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் செமஸ்டரிலேயே வகையீடும் தொகையீடும் வந்து நிற்கும். மின்காந்தவியலில் டைவர்ஜென்ஸ், கர்ல் தெரியாமல் ஒரு வரி நகராது. குவாண்டம் இயக்கவியலைத் திறந்தால் வகைக்கெழுச் சமன்பாடும் அணிகளும்தான். "அல்லைடு மேத்ஸில் பாஸானால் போதும்" என்று தள்ளிவைத்தவர்கள் மூன்றாம் ஆண்டில் திணறுகிறார்கள். கணக்கில் தடுமாறுகிறவர் இயற்பியல் பக்கமே வரக் கூடாது என்பதும் தவறு. தினமும் பேனாவை எடுத்துப் போட்டுப் பார்க்கிறவருக்குக் கணக்கு பழகிவிடும். கணக்கை ஒதுக்கிவிட்டு இயற்பியலை மட்டும் படித்துவிடலாம் என்ற எண்ணம்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

"டெரிவேஷனை மனப்பாடம் பண்ணினால் மார்க் வந்துவிடும்"

வரும். அதனால்தான் இந்த நம்பிக்கையை அசைக்க முடியவில்லை. தனி ஊசலின் அலைவு நேரச் சூத்திரத்தை எத்தனையோ பேர் பிசகாமல் எழுதுகிறார்கள். நடுவில் "கோணம் சிறியது என்பதால்" என்று ஒரு வரி வரும். அதையும் எழுதிவிட்டுத்தான் கடக்கிறார்கள். எவ்வளவு சிறியது, சிறியதாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் இருக்காது. போட்டுப் பார்த்தால் அரைப் பக்கக் கணக்குதான். 5 டிகிரி வீச்சில் பிழை 0.05 சதவீதம். 30 டிகிரியில் அலைவு நேரம் சுமார் 1.7 சதவீதம் கூடிவிடுகிறது. சிறு வீச்சுக்குச் சரிசெய்த ஒரு ஊசல் கடிகாரத்தை அந்த வீச்சில் ஓடவிட்டால் ஒரே நாளில் ஏறக்குறைய 25 நிமிடம் பின்தங்கும். அந்த ஒற்றை வரிக்குள் இவ்வளவு இருக்கிறது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வில், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லாமல் எண்ணையே தட்டச்சு செய்ய வேண்டிய கேள்விகள் உண்டு. மனப்பாடம் அங்கே கை கொடுக்காது.

"லேப் ஒரு சடங்கு"

இருப்பதிலேயே அதிகம் கெடுப்பது இதுதான். சீனியரின் ரெக்கார்டை வாங்கி, வரவேண்டிய விடையைப் பார்த்து, அதற்குத் தக்கபடி ரீடிங்கைப் பின்னாலிருந்து எழுதிவிடுவார்கள். 'குக்' பண்ணுவது என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

சீரற்ற வளைவுச் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் ஸ்கேலை இரண்டு கத்தி முனைகளின் மேல் வைத்து, நடுவில் எடை ஏற்றி, அது எவ்வளவு இறங்குகிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து மரத்தின் யங் குணகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாருடைய கவனமும் மைக்ராஸ்கோப்பில்தான் இருக்கும். ஆனால் சூத்திரத்தில் ஸ்கேலின் தடிமன் மும்மடியாக வருகிறது. தடிமன் சுமார் 6 மில்லிமீட்டர். திருகு அளவியின் சுழிப்பிழையைப் பார்க்காமல் 0.1 மில்லிமீட்டர் தப்பாக எடுத்தால் விடையில் 5 சதவீதம் போய்விடும். கத்தி முனைகளுக்கு இடையிலான நீளமும் மும்மடிதான். ஆனால் அது 70 சென்டிமீட்டர் என்றால், அதில் ஒரு முழு மில்லிமீட்டர் தவறினாலும் விடையில் அரை சதவீதம்கூட மாறாது. எந்த அளவை உயிரைக் கொடுத்து எடுக்க வேண்டும், எதை விட்டுப் பிடிக்கலாம் என்று தெரிந்துகொள்வதுதான் அந்தச் சோதனையின் பாடம். ரீடிங்கைச் சமைத்தவருக்கு ரெக்கார்டில் கையெழுத்து கிடைக்கும். இந்தப் பாடம் கிடைக்காது.

சர் சி.வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. மாணவராக இருந்தபோது, ஸ்பெக்ட்ரோமீட்டரில் பட்டகத்தின் கோணத்தை அளக்கும் வழக்கமான சோதனையைச் செய்துகொண்டிருந்தார். ஒளி மிகச் சாய்வாக விழும்போது விளிம்பு விளைவுப் பட்டைகள் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லாததைக் கவனித்தார். ஏன் என்று தொடர்ந்து போய் எழுதியதுதான் 1906இல் 'பிலசாபிகல் மேகசின்' இதழில் வந்த அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை. ஏறக்குறைய அதே ஸ்பெக்ட்ரோமீட்டர்தான் இன்றும் நம் கல்லூரி லேப் மேசைகளில் இருக்கிறது.

"தமிழ் மீடியத்தில் படித்தவர்களால் முடியாது"

முதல் செமஸ்டரில் பாடப்புத்தகமும் வகுப்பும் சிரமம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சமன்பாடுகள் எல்லாருக்கும் பொது. கேள்வி கேட்கக் கூச்சப்படாத பிள்ளை இரண்டாம் ஆண்டுக்குள் இதைத் தாண்டிவிடும்.

"முடித்தால் வாத்தியார் வேலைதான்"

நல்ல இயற்பியல் ஆசிரியருக்கு நம் பள்ளிகளில் இருக்கிற தேவையை நினைத்தால், இதை இளக்காரமாகச் சொல்வதே எனக்கு வருத்தம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வெறும் பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் இயற்பியல் சார்ந்த வேலைகள் குறைவு. வானிலை ஆய்வுத் துறையின் அறிவியல் உதவியாளர் பணி போன்ற சில உண்டு. எம்.எஸ்சி. வரை போகிறவர்களுக்கு வழி விரிகிறது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் மருத்துவமனைகளில், நோயாளிக்கு எவ்வளவு கதிர்வீச்சு போக வேண்டும் என்று கணக்கிட்டுச் சரிபார்ப்பவர் மருத்துவ இயற்பியலாளர். அவர் இல்லாமல் அந்தப் பிரிவு இயங்க முடியாது. பி.எஸ்சி. இயற்பியலுக்குப் பிறகு மருத்துவ இயற்பியலில் எம்.எஸ்சி.யும் மருத்துவமனைப் பயிற்சியும் முடித்து அந்த வேலைக்குப் போகலாம். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்திலேயே அந்தப் படிப்பு இருக்கிறது. ஆராய்ச்சிதான் ஆசை என்றால் ஜெஸ்ட் தேர்வு எழுதலாம். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களின் கதவு அதில் திறக்கும்.

ஆராய்ச்சி நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க எம்.எஸ்சி. வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து, இளநிலை மாணவர்களையும் கோடைக்காலத்தில் இரண்டு மாதம் ஓர் ஆராய்ச்சியாளரிடம் உதவித்தொகையோடு அனுப்புகின்றன. விண்ணப்பத்தில் மதிப்பெண்ணோடு, என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று ஒரு குறிப்பும் ஆசிரியரின் பரிந்துரையும் கேட்பார்கள். பல கல்லூரிகளில் இந்த அறிவிப்பு மாணவர் கண்ணில் படுவதே இல்லை. இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் துறைத் தலைவரிடம் நீங்களே போய்க் கேளுங்கள்.