சிறு பண்ணை வண்டி எஞ்சினும் அதற்கேற்ற கார்புரெட்டரும்

ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் பக்கங்களில் மணிலா பயிரிடும் குடியானவர்களுக்குக் களையெடுப்பே பெருங்கவலையாகும். விதைத்த 40, 45 நாட்களுக்குள் களையெடுத்து மண் அணைத்துவிட வேண்டும். விழுதுகள் மண்ணில் இறங்கிய பின்னர் நிலத்தைக் கிளறினால் மகசூல் குறையும். இந்தக் குறுகிய காலத்தில் ஆள் கிடைப்பது அரிதாகையால், நீர் இறைக்கும் சிறு பெட்ரோல் எஞ்சினைச் சிறு வண்டியொன்றில் பொருத்திக் களைக்கருவி இழுக்கவும், எரு ஏற்றவும் பயன்படுத்த முற்படுகிறார்கள். அவ்வாறு மாற்றியமைத்த எஞ்சினுக்குக் கார்புரெட்டரைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே விவரிப்போம்.

கார்புரெட்டரின் வேலை யாது?

குழாயின் குறுகிய இடத்தில் ஓடும் பொருளின் வேகம் மிகுந்து அழுத்தம் குறையும் என்பதை இத்தாலிய விஞ்ஞானி வெஞ்சூரி 1797-ல் விளக்கினார். மிதவைக் கிண்ணத்துடன் எண்ணெயைச் சிதறடிக்கும் கார்புரெட்டரை ஜெர்மானியரான மேபாக் 1893-ல் அமைத்தார். இன்றும் தத்துவம் அதுவே. தொண்டை போன்ற குறுகிய பாகத்தில் காற்று விரையும்போது, ஜெட் என்னும் நுண்துளை வழியாகப் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக் காற்றுடன் கலக்கிறது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு முற்றிலும் எரிய, நிறையளவில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும்.

பெரியது எப்பொழுதும் நல்லதன்று

2020-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் புதிய புகை விதிகள் அமலானபின், புது மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கார்புரெட்டருக்குப் பதிலாக எண்ணெய்ப் பீச்சு முறை வந்துவிட்டது. பழைய வண்டிகளின் கார்புரெட்டர்கள் பட்டறைகளில் மலிவாகக் கிடைப்பதால், பெரியதாகப் பார்த்து மாட்டினால் சக்தி கூடும் என அநேகர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. 18 மி.மீ. தொண்டையின் பரப்பைவிட 26 மி.மீ. தொண்டையின் பரப்பு இரு மடங்குக்கு மேற்பட்டது. எஞ்சின் இழுக்கும் காற்று அதே அளவாயின் அதன் வேகம் பாதிக்கும் கீழாகும். வேகம் பாதியானால் உறிஞ்சும் வலிமை நாலில் ஒரு பங்காகிவிடும். பெட்ரோல் நன்கு சிதறாது. மெதுவாக ஓடுகையில் பளு ஏறினால் எஞ்சின் திணறி நின்றுவிடும். களைக்கருவி இழுக்கும் வண்டிக்கோ அந்த மெதுவான ஓட்டந்தான் முக்கியம்.

அளவு காணும் கணக்கு

எஞ்சினின் கொள்ளளவை லிட்டரிலும், நிமிஷத்திற்குரிய உச்ச சுற்றுகளையும் பெருக்கி, அத்தொகையின் வர்க்கமூலத்தைக் காண்க. அதை 0.65-ஆல் பெருக்கினால் தொண்டை விட்டத்தின் கீழெல்லையும், 0.9-ஆல் பெருக்கினால் மேலெல்லையும் மி.மீட்டரில் கிடைக்கும்.

உதாரணமாக, 196 சி.சி. எஞ்சின் 3,600 சுற்றில் ஓடுவதாகக் கொள்வோம். 0.196 × 3,600 = 706. வர்க்கமூலம் 26.6. ஆகவே விட்டம் 17 முதல் 24 மி.மீ. வரை இருக்கலாம். வயல் வேலைக்குக் கீழெல்லையை ஒட்டிய 18 மி.மீ. போதுமானது. சிலிண்டரைக் கடைந்து 212 சி.சி. ஆக்கினாலும் விடை 18 முதல் 25 மி.மீ. தான். ஆதலால் சிலிண்டரைச் சற்றுப் பெரிதாக்கியவர் தொண்டையை மாற்ற வேண்டியதில்லை. ஜெட்டைச் சரிபார்த்தால் போதும். 150 சி.சி. மோட்டார் சைக்கிளுக்கு 26 மி.மீ. பொருந்துவது ஏனெனில், அது 8,500 சுற்று வரை ஓடுவதாலேயாம்.

கவர்னரைக் கழற்றலாகாது

நீர் இறைக்கும் எஞ்சினில் வேகத்தை அடக்கும் கவர்னர், வண்ணத்துப்பூச்சி வால்வின் தண்டோடு இணைந்திருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்குரிய, கம்பியால் இழுக்கும் நழுவு வால்வுக் கார்புரெட்டரில் இவ்விணைப்புக்கு இடமில்லை. அதற்காகக் கவர்னரை நீக்கினால், பளு குறைந்த கணத்தில் எஞ்சின் கட்டுக்கடங்காது விரையும். இணைப்புத் தண்டு முறியக்கூடும்; வார்ப்பிரும்புச் சக்கரம் வெடித்துச் சிதறி அருகில் நிற்பவர் உயிருக்கே அபாயம் விளையலாம். ஆகவே கவர்னர் இணையத்தக்க வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஜெட்டைச் சரிபார்த்தல்

ஏர் கிளீனரை மாட்டியபடியே சோதிக்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டு ஓட்டினால் காற்றின் அளவு மாறுவதோடு, செம்மண் புழுதி உட்புகுந்து பிஸ்டன் வளையங்களை அரைத்துவிடும். முழுப் பளுவில் சிறிது நேரம் ஓட்டி, வேகத்தைக் குறைக்காமல் எஞ்சினை அப்படியே நிறுத்தி, ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பார்க்க.

1. முனை பழுப்பு நிறமாயின் கலவை சரி.
2. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். சிறிய ஜெட் வேண்டும்.
3. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு; பெரிய ஜெட் வேண்டும்.

மூன்றாவதே மிக அபாயமானது. காற்றால் குளிரும் எஞ்சின் கோடை வெயிலில் அவ்வாறு ஓடினால் பிஸ்டன் உருகிப்போகும். ஆகையால் சற்றுப் பெரிய ஜெட்டில் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து வருவதே உத்தமம். ஜெட்டை மாற்றியும் வெண்மை நீங்காவிடில், கேஸ்கெட் வழியே வெளிக்காற்று புகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. எத்தனால் எரியக் காற்று குறைவாகவே வேண்டும். சுத்த எத்தனாலுக்கு 9 பங்கே போதும். எனவே பழைய ஜெட்டில் இக்கலவை பெட்ரோல் குறைந்தாற்போல எரியும். பிளக்கைப் பார்த்து ஒரு படி பெரிய ஜெட் மாட்டுவது நலம். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் பாகங்களையும் கெடுக்கும். அறுவடைக்குப்பின் வண்டியை நிறுத்தும்போது பெட்ரோல் குழாயை மூடி, மிதவைக் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் விதைப்புக்கு முன்பே செய்து முடித்தல் அவசியம். களையெடுக்க வேண்டிய பருவத்தில் எஞ்சின் பட்டறையில் கிடந்தால், போன நாட்கள் பயிருக்குத் திரும்ப வாரா.