கணிப்பொறிச் சுட்டியின் தோற்றம்

நில அளவைப் பணியிலுள்ளோர் பிளானிமீட்டர் என்னும் கருவியை அறிந்திருப்பர். வரைபடத்தில் ஒரு வயலின் எல்லைக்கோட்டின்மீது அதன் முனையை ஒரு சுற்றுக் கொண்டுவந்தால், அதிலுள்ள சிறு சக்கரம் சுழன்ற அளவைக்கொண்டு வயலின் பரப்பைக் கணக்கிட்டுவிடலாம். அச்சக்கரம் தான் உருளும் திசையில் இழுக்கப்பட்டால் சுழலும். அதற்குச் செங்குத்தான திசையில் இழுக்கப்பட்டால் சுழலாமல் வழுக்கிச் செல்லும். கணிப்பொறியின் ‘சுட்டி’ இவ்வியல்பினின்றே பிறந்தது.

1960-களின் தொடக்கத்தில் கணிப்பொறியை நாடியவர்கள் பெரும்பாலும் துளையிட்ட அட்டைகளை ஒப்படைத்துவிட்டு விடைக்காகக் காத்திருந்தனர். கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த டக்ளஸ் எங்கெல்பார்ட், எழுத்துக்களைத் திரையில் காட்டி அங்கேயே திருத்தும் முறையை வகுக்க முற்பட்டார். திருத்த வேண்டிய சொல் இன்னதென்று பொறிக்கு உணர்த்துவது எங்ஙனம்? பிளானிமீட்டரின் சக்கரங்களை நினைவிற்கொண்டு அவர் வகுத்த திட்டத்தின்படி, பொறியாளர் பில் இங்கிலிஷ் 1964-இல் முதற்கருவியைச் செய்தார். கையிலடங்கும் மரப்பெட்டி, அடியில் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இரு சக்கரங்கள், மேலே ஒரு பொத்தான், அவ்வளவே.

ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையில் எளிதாக விளக்கலாம். பெட்டியைத் திருப்பாமல் சாய்வாக 5 செ.மீ. நகர்த்துவதாகக் கொள்வோம். அந்நகர்வு வலப்புறம் 4 செ.மீ., முன்புறம் 3 செ.மீ. ஆக அமைந்தால், ஒரு சக்கரம் 4 செ.மீ. உருண்டு எஞ்சியதில் வழுக்கும். மற்றது 3 செ.மீ. மட்டுமே உருளும். இவ்விரு அளவுகளும் மின்குறிகளாக மாறித் திரையிலுள்ள குறியை நகர்த்தும்.

இக்கருவி எளிதில் ஏற்கப்பட்டுவிடவில்லை. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் பொருளுதவியுடன், ஒளிப்பேனா, இயக்குதண்டு, மேசைக்கடியில் முழங்காலால் இயக்கும் கருவி முதலியவற்றுடன் இதனை ஒப்பிட்டுச் சோதித்தனர். விசைப்பலகையினின்று கையெடுக்கும் நேரமும் பிழைகளும் கணக்கிடப்பட்டன. பழக்கமில்லாதோர் கையில் முழங்காற்கருவியே விரைவாக இயங்கிற்று. பழகியவர்களிடமோ சுட்டி விரைவிலும் திருத்தத்திலும் முந்தியது. முதல்நாட் பயன்பாட்டைமட்டும் கண்டு முடிவு செய்திருந்தால் இக்கருவி கைவிடப்பட்டிருக்கவும் கூடும்.

வால்போன்ற கம்பியைக் கண்டு ‘சுண்டெலி’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரை அக்குழுவினர் வழங்கினர். தமிழில் செயலைக்கொண்டு ‘சுட்டி’ என்றது இன்னும் பொருத்தமானதென்பது நம் கருத்து. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் எங்கெல்பார்ட் இதனை அறிஞர்முன் இயக்கிக் காட்டினார். 1967-இல் கோரிய காப்புரிமை 1970-இல் கிடைத்தது. எனினும், கருவி பொதுமக்களிடையே நன்கு பரவுமுன்னரே, 1987-இல் அது காலாவதியாயிற்று.

இதற்கிடையே ஜெர்மனியின் டெலிபுங்கன் நிறுவனம் 1968 அக்டோபரிலேயே, சக்கரத்துக்குப் பதிலாக உருண்டையொன்றைக் கொண்ட கருவியை வெளியிட்டிருந்தது. சீராக்ஸ் ஆய்வகத்திலும் 1970-களில் உருண்டைச் சுட்டி உருவாயிற்று. 1984-இல் வெளிவந்த ஆப்பிள் மெக்கின்டாஷிலும் உருண்டையே இருந்தது. உள்ளே செங்கோணத்தில் அமைந்த இரு உருளைகள் அதன் சுழற்சியை அளந்தன. உருண்டையில் அழுக்குப் படிந்தால் குறி தடுமாறும்.

1999-க்குப் பின் பரவிய ஒளிவகைச் சுட்டிக்கு அத்தொல்லை இல்லை. அதன் நுண்ணிய ஒளிப்படக் கருவி மேசைப்பரப்பை இடைவிடாது படமெடுத்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு நகர்வை அறிகிறது. தெளிந்த கண்ணாடிப் பலகைமீது இவ்வகைச் சுட்டிகள் பல சரிவர இயங்காமைக்குக் காரணம், ஒப்பிடத்தக்க நுண்தடங்கள் அங்கு இல்லாமையே. அவ்விடத்தில் ஒரு தாளை விரித்துக்கொண்டால் போதும்.