உடைந்தது பிளாஸ்டிக்தானே? நாமே ஒட்டலாம்!

தம்பி தங்கைகளே, வேலைக்குப் போக ஆரம்பித்ததும் நம்மில் பலர் முதலில் வாங்குவது பழைய கார்தான். இன்ஜின் நல்லா ஓடும். உள்ளே பார்த்தால் குளோவ் பாக்ஸ் கீல் முறிந்திருக்கும், ஏர்கோன் துவாரத்தின் இதழ் தொங்கும், கதவுப் பலகை கடகடவென்று ஆடும். கடையில் கேட்டால், "முழு செட்டாத்தான் மாத்தணும்" என்பார்கள். விரல் நுனி அளவுள்ள ஒரு காது உடைந்ததற்கு முழுப் பலகையின் விலையைக் கொடுக்க வேண்டுமா? சில வெள்ளியில் முடிகிற வேலை இது. ஆனால் எதை ஒட்டலாம், எதை ஒட்டவே கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

1. முதலில் பிளாஸ்டிக்கின் வகை

"சூப்பர் குளூ போட்டேன், மறுநாளே விட்டுடுச்சு" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வகை பார்க்காமல் ஒட்டியவர்கள். கழற்றிய பாகத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஏபிஎஸ் அல்லது பிபி என்று ஆங்கில எழுத்தில் அச்சு இருக்கும். ஏபிஎஸ் பசையை ஏற்கும். பிபியில் பசை எளிதில் பிடிக்காது.

அச்சு இல்லையா? வெளியே தெரியாத ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் வையுங்கள். பிசுபிசுவென்று இளகினால் ஏபிஎஸ். ஒன்றுமே ஆகாவிட்டால் பெரும்பாலும் பிபி.

2. ஏபிஎஸ் என்றால்

உடைந்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். டேஷ்போர்டு பாலிஷ் எண்ணெய் ஒட்டியிருந்தால் எந்தப் பசையும் நிற்காது. ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். இரண்டு துண்டையும் பொருத்தி, பின்பக்கமாகச் சூப்பர் குளூ விட்டு, அதன்மேல் சமையல் சோடாவைத் தூவுங்கள். சில நொடிகளில் கல்போல் இறுகிவிடும். உடைந்துபோய்த் தொலைந்த காதைக்கூட இப்படியே அடுக்கடுக்காகக் கட்டி, அரத்தால் வடிவம் கொடுக்கலாம்.

இறுகும்போது சூடும் புகையும் வரும். காருக்குள் செய்யாதீர்கள், பாகத்தைக் கழற்றி வெளியே வைத்துச் செய்யுங்கள். சிந்தினால் பஞ்சால் துடைக்க வேண்டாம். பஞ்சில் பட்டால் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும்.

3. பிபி என்றால்

இதற்குப் பசையை விட சோல்டரிங் இரும்புதான் கைகொடுக்கும். விரிசலின் குறுக்கே ஒரு ஸ்டேப்ளர் கம்பியை வைத்து, சூடான இரும்பால் மெதுவாக உள்ளே அழுத்துங்கள். கம்பி பிளாஸ்டிக்குள் அமிழ்ந்ததும் உருகியதை மேலே இழுத்து மூடுங்கள். ஒரு விரலகலத்துக்கு ஒரு கம்பி போதும். ரொம்ப ஆழமாக அழுத்தினால் முன்பக்கம் தழும்பு தெரியும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

4. திருகு நிற்காத ஓட்டை

இரண்டு குழாய் எப்போக்சியைச் சம அளவில் கலந்து ஓட்டையில் நிரப்புங்கள். திருகில் கொஞ்சம் வாசலின் தடவி உள்ளே விடுங்கள். எப்போக்சி இறுகிய பிறகு திருகைக் கழற்றினால் புது மரை தயார். ஒரு நாள் விட்டுப் பிறகு மாட்டுங்கள்.

சூடாக உருக்கி ஊற்றும் குளூ கன் பசை வீட்டுக்குச் சரி, காருக்குச் சரியல்ல. நம்ம ஊர் வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டேஷ்போர்டு கொதிக்கும். அந்தச் சூட்டில் இந்தப் பசை இளகிவிடும்.

5. கை வைக்கவே கூடாதவை

ஏர்பேக் என்று எழுதிய எந்த மூடியையும் ஒட்டாதீர்கள், தோண்டாதீர்கள். விபத்து நேரத்தில் அந்த மூடி சரியான இடத்தில் பிளந்தால்தான் பை விரியும். ஒட்டிய துண்டு உங்கள் முகத்தை நோக்கிப் பறக்கும். சீட் பெல்ட், பெடல் இவற்றுக்கும் இதே விதிதான்.

கதவின் உள்கைப்பிடியைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். "கண்ணாடியை இறக்கி, வெளியே கைவிட்டுத் திறந்துக்கலாம்" என்பார்கள். திடீர் வெள்ளத்தில் கார் மாட்டி, பவர் விண்டோ வேலை செய்யாமல் போனால்? பின்சீட்டில் அம்மா இருந்தால்? ஒவ்வொரு நாளும் பலமுறை இழுபடும் அந்தப் பாகத்தில் பசையை நம்பாதீர்கள். புதிதாக வாங்க முடியாவிட்டால் போத்தோங் கடையில் பழையது தேடுங்கள். மற்ற பாகங்களில் மிச்சம் பிடித்த காசு இதற்குத்தான்.

செய்து பார்க்க

இந்த வாரம் உங்கள் காரில் உட்கார்ந்து, உடைந்த பாகங்களை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் 'ஒட்டலாம்', 'மாற்ற வேண்டும்' என்று குறியுங்கள். நான்கு கதவையும் உள்ளிருந்து திறந்து பாருங்கள். பின்கதவு ஒன்று திறக்கவில்லையென்றால் முதலில் குழந்தைப் பூட்டைச் சரிபாருங்கள். அதுவும் காரணமில்லை என்றால், மற்றதெல்லாம் அப்புறம். அந்தக் கதவுதான் முதல் வேலை.