ஊர் மைதானம் யாருடையது?

ஊருக்குத் தண்ணீர் வேண்டும். சாலை வேண்டும். பள்ளிக்கூடம் வேண்டும். இவை மட்டும் போதுமா? பிள்ளைகள் ஓடி ஆட ஓர் இடம் வேண்டாமா? வேலை முடிந்து வருபவர்கள் உட்கார்ந்து பேச, பத்திரிகை படிக்க ஓர் இடம் வேண்டாமா?

விளையாட்டு வீண் வேலை அல்ல. அது உடம்புக்கு வலுத் தரும். மனிதர்களை ஒன்று சேர்க்கும். கபடியில் எதிரியைக் கட்டிப் பிடித்துத்தான் மடக்க வேண்டும். அங்கே தீண்டாமைக்கு இடம் ஏது?

சட்டம் என்ன மாற்றியது?

முன்பு பல மாநிலங்களில் ஊராட்சித் தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை. ஊருக்கு எது தேவை என்பதை அதிகாரிகளே முடிவு செய்தார்கள். 1992-இல் நாடாளுமன்றம் 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. 1993 ஏப்ரல் 24 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி 5 ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடத்த வேண்டும். மூன்றில் ஒரு பங்கு இடமாவது பெண்களுக்கு ஒதுக்க வேண்டும். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள் தொகைக்கு ஏற்ப இடம் தர வேண்டும்.

ஊராட்சிகளிடம் மாநில அரசு ஒப்படைக்கக் கூடிய 29 துறைகளின் பட்டியலும் அதில் உள்ளது. நூலகம், கலை நிகழ்ச்சிகள், ஊர்ப் பொதுச் சொத்துகளின் பராமரிப்பு ஆகியவை அதில் உண்டு. ஆனால் விளையாட்டு என்ற சொல் அதில் இல்லை!

நகரங்களுக்கு 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று வந்தது. அதன் பட்டியலில் பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கிராமங்கள் மாநிலச் சட்டத்தைத்தான் நம்ப வேண்டும். பல மாநிலங்களின் ஊராட்சிச் சட்டங்களில் மைதானம் அமைக்கும் வேலையும் சேர்ந்திருக்கிறது. ஆனால் பணம் குறைவு. குடிநீர், தெருவிளக்கு போக மைதானத்துக்கு மிச்சம் இருப்பதில்லை.

திட்டம் போகும், நிலம் நிற்கும்

2008-09-இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. கிராம ஊராட்சிகளில் மைதானம் அமைக்க அது பணம் கொடுத்தது. 2014-இல் அதன் இடத்தில் வேறு திட்டம் வந்தது. பிறகு 'கேலோ இந்தியா' வந்தது. திட்டங்கள் இப்படி வரும், போகும். ஊரின் நிலம் மட்டும் கை நழுவக் கூடாது.

பொது நிலத்தை வசதி உள்ளவர்கள் வளைத்துக் கொள்வது பல ஊர்களில் நடக்கிறது. முதலில் ஒரு வேலி வரும். பிறகு சுவர் வரும். பிள்ளைகள் தெருவுக்குப் போவார்கள். 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநில அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும். நிலத்தை ஊராரின் பொது உபயோகத்துக்குத் திருப்பித் தர வேண்டும். இதுவே அந்தத் தீர்ப்பு.

கிராம சபையில் கேளுங்கள்

ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் கிராம சபை உறுப்பினர்களே. கூலி வேலை செய்பவரும் உறுப்பினர். வீட்டு வேலை செய்யும் பெண்ணும் உறுப்பினர். அங்கே இவற்றைக் கேட்கலாம்:

மைதான நிலம் யார் பெயரில் உள்ளது?
அதை அளந்து எல்லைக் கல் நட்டார்களா?
பெண் பிள்ளைகள் விளையாட நேரம் ஒதுக்கியிருக்கிறதா?
எல்லாத் தெருப் பிள்ளைகளும் அங்கே வரலாமா?
நூலகம் தினமும் திறக்கிறதா?

பேசினால் மட்டும் போதாது. பேசியது தீர்மானமாக நோட்டில் ஏற வேண்டும். முன்பு பலர் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்தார்கள். இன்று படிக்கத் தெரிந்தவர், தீர்மானத்தை முழுதும் படிக்கலாம். பிறகு கையெழுத்துப் போடலாம். படிக்காதவருக்கும் வாசித்துக் காட்டலாம். மைதானத்தைக் காப்பாற்ற அந்தக் கையெழுத்தும் ஒரு வேலிதான்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் விளையாட்டு மைதானம் எங்கே இருக்கிறது? அதை யார் பயன்படுத்துகிறார்கள்?
2. அங்கே பெண்கள் விளையாடுகிறார்களா? இல்லை என்றால் ஏன்?
3. அடுத்த கிராம சபையில் என்ன தீர்மானம் கொண்டு வரலாம்? மூன்று வரிகளில் எழுதுங்கள்.