விசா வேண்டாம்னு சொன்னாங்களே!

கோவை பீளமேட்டில் விமான நிலையம் வந்தது 1940-ல். பன்னாட்டு நிலையம் என்ற தகுதி கிடைக்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று இங்கிருந்தே சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் நேராக ஏறிவிடலாம். விமானம் ஊருக்குள் வந்த அளவுக்கு, விமானம் ஏறுவதற்கான விதிகள் ஊருக்குள் வந்து சேரவில்லை. ஹோப்ஸ் டீக்கடையிலும் கல்யாண மண்டபப் பந்தியிலும் உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

*"அதெல்லாம் அங்க போய் இறங்கிப் பாத்துக்கலாங்க."*

இறங்கினால்தானே பார்ப்பதற்கு? ஆவணம் சரியில்லாதவர்களில் பலருக்குப் பயணம் முடிவது சிங்கப்பூரிலோ சார்ஜாவிலோ அல்ல, பீளமேட்டில் பெட்டி போடும் கவுன்டரில். காரணம் எளிது. உரிய அனுமதி இல்லாத ஆளை ஏற்றிச் சென்றால் அவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும். பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் கவுன்டரில் இருக்கும் பெண், பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் நடத்தும் 'டைமேட்டிக்' என்ற தரவுத்தளத்தைத்தான் நம்புவார். எந்த நாட்டு பாஸ்போர்ட், எங்கே போகிறீர்கள், வழியில் எங்கே மாறுகிறீர்கள் என்று தட்டினால் என்னென்ன வேண்டும் என்று அது சொல்லிவிடும். "எங்க மச்சான் போன மாசம்தான் இப்படியே போனாருங்க" என்பதற்கு அதில் இடமில்லை.

அந்தக் கவுன்டரைத் தாண்டினால் நம் நாட்டுக் குடியேற்ற அதிகாரி. அவரையும் தாண்டிப் போனால் அந்த நாட்டு அதிகாரி. இ.டி.ஏ. எனப்படும் மின்னணுப் பயண அனுமதி கையில் இருந்தால் அந்த மூன்றாவது மேசை வரை போகலாம். உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை அங்கே உட்கார்ந்திருப்பவர்தான் முடிவு செய்வார். திரும்பும் டிக்கெட் எங்கே, எங்கே தங்குகிறாய், கையில் எவ்வளவு பணம் என்று கேட்பார். மலேசியா விசா இல்லாமல் விடுகிற நாடுதான். ஆனாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாதவர்களை அடுத்த விமானத்தில் அனுப்பிவிடும். ஏஜென்டுகள் பாஷையில் அதற்கு 'என்.டி.எல்.' (நாட் டு லேண்ட்) என்று பெயர்.

*"விசா எடுத்துட்டாங்களாம், டிக்கெட் போட்டாப் போதும்."*

இதுதான் இப்போது அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. விசா வேறு, இ.டி.ஏ. வேறு, வருகை அட்டை வேறு. ஒன்று இல்லை என்றால் மற்றதும் இல்லை என்று பொருளல்ல.

2023 டிசம்பர் 1 முதல் மலேசியா இந்தியர்களை 30 நாளுக்கு விசா இல்லாமல் அனுமதிக்கிறது. ஆனால் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இதையே கேட்கிறது. சிங்கப்பூர் கதை தலைகீழ். அங்கே நமக்கு விசாவும் வேண்டும், அட்டையும் வேண்டும். அட்டையை நிரப்பி, மின்னஞ்சலில் பதில் வந்ததும் 'விசா வந்துடுச்சு' என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அது விசா அல்ல. சிங்கப்பூர் விசாவுக்கு அங்கீகாரம் பெற்ற ஏஜென்டுகள் வழியாகத்தான் போக வேண்டும்.

இந்த மூன்று நாட்டு அட்டைகளுக்கும் கட்டணம் கிடையாது. ஒரு ரூபாய்கூட. கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் ஆயிரக்கணக்கில் கேட்கும். வடிவமும் அரசுத் தளம் போலவே இருக்கும். முகவரியின் வாலைப் பாருங்கள். சிங்கப்பூருக்கு 'கவ் டாட் எஸ்ஜி', மலேசியாவுக்கு 'கவ் டாட் எம்ஒய்', தாய்லாந்துக்கு 'கோ டாட் டிஹெச்' என்று முடிய வேண்டும்.

கென்யா இன்னும் சுவாரசியம். 2024 ஜனவரியில் 'உலகத்தார் எவருக்கும் விசா இல்லை' என்று அறிவித்தது. விசாவின் இடத்தில் இ.டி.ஏ. வந்து உட்கார்ந்தது, 30 டாலர் கட்டணத்துடன்.

*"இலங்கை நம்ம பக்கத்து வீடு, அதுக்கென்ன?"*

பக்கத்து வீடுதான், கதவு உண்டு. இலங்கை 2012 ஜனவரி 1 முதல் இ.டி.ஏ. முறையை நடத்திவருகிறது. நம் ஊர்க்காரர்களில் பெரும்பாலோருக்கு இ.டி.ஏ. என்ற மூன்றெழுத்து அறிமுகமானதே அதன் வழியாகத்தான். 2023 இறுதியில் இந்தியா உள்பட ஏழு நாட்டினருக்குக் கட்டணத்தை ரத்து செய்தார்கள், 2024 மார்ச் 31 வரை. இங்கே அது 'இலங்கைக்கு விசா எடுத்துட்டாங்க' என்று பரவியது. போனது கட்டணம் மட்டும்தான். விண்ணப்பித்து அனுமதி வாங்குவது அப்போதும் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும்' என்ற நினைப்பை அது உடைத்துவிடுகிறது. 2024 ஏப்ரலில் பழைய இ.டி.ஏ.வை நிறுத்தி, இ-விசா வேலையை வெளிநாட்டு நிறுவனக் கூட்டமைப்பு ஒன்றிடம் கொடுத்தார்கள். சேவைக் கட்டணம் ஏறியது, சுற்றுலாக்காரர்கள் புலம்பினார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஆகஸ்டில் நீதிமன்றம் புதிய முறைக்கு இடைக்காலத் தடை விதித்துப் பழையதைத் தொடரச் சொன்னது. துறை அசையவில்லை. செப்டம்பரில் நீதிமன்ற அவமதிப்புக்காகக் குடிவரவுத் துறையின் தலைவரையே விளக்கமறியலில் வைத்தார்கள். அதே மாதம் 27-ம் தேதி பழைய இ.டி.ஏ. திரும்ப வந்தது. ஒரே ஆண்டில் மூன்று நிலைமை. தை மாதம் கண்டிக்குப் போய்வந்தவர் ஆடி மாதம் போகிறவருக்குச் சொல்லும் யோசனை அந்த ஆண்டில் சல்லிக்காசு பெறாது. ஆகவே மச்சானைக் கேளுங்கள், ஆனால் டிக்கெட் போடும் வாரத்தில் அரசுத் தளத்தையும் பார்த்துவிடுங்கள்.

*"எம் பேரு ஒத்தப் பேருங்க, பொறந்ததுலிருந்து அப்படித்தான்."*

வடக்கே இருப்பவர்களுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. நமக்குத்தான். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத ஊர் இது. பழைய பாஸ்போர்ட்டுகளில் 'பழனிசாமி' என்று ஒரே சொல் இருக்கும், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. ஊரில் அவர் ர.பழனிசாமி. பாஸ்போர்ட்டில் அந்த 'ர' இல்லை, ஏனென்றால் முதலெழுத்தை விரித்து எழுதினால்தான் பாஸ்போர்ட் அலுவலகம் ஏற்கும்.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா, வருகை விசாக்களில் உள்ளே வர முடியாது என்றது. தமிழ்நாட்டில் பல வீடுகளில் கலக்கம். பிறகு விளக்கம் வந்தது: பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று. அந்த இரண்டாவது விவரப் பக்கமான நம் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா, அம்மா பெயர் இருப்பதை அன்றுதான் பலர் முதன்முறையாகத் திருப்பிப் பார்த்திருப்பார்கள். அந்த வரி காலியாக இருந்தாலோ, பெயரை இரண்டாகப் பிரிக்க விரும்பினாலோ ரீ-இஷ்யூவுக்குப் போட்டுவிடுவது நல்லது. விசா ஏஜென்ட், "அப்பா பேரைச் சேத்து நானே அடிச்சுக்கறேன்" என்று சொன்னால் விடாதீர்கள். விசாவில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்றால் கவுன்டரில் அது இரண்டு ஆள்.

அமெரிக்கா வேறு வழி வைத்திருக்கிறது. ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அடித்துவிடும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அங்கே போய் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளை அலுவலகத்தில் 'ஃப்னூ' என்று கூப்பிடுவது இப்படித்தான்.

பெயர் மட்டுமல்ல, எண்ணும். பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கத்தில் கீழே இரண்டு வரி இருக்கும். ஒவ்வொன்றிலும் 44 இடம், காலி இடங்களில் அம்புமுனைபோல ஒரு குறி. இயந்திரம் படிப்பது அதைத்தான். இ.டி.ஏ. என்பது பெரும்பாலும் ஒட்டும் சீட்டு அல்ல. உங்கள் பாஸ்போர்ட் எண்ணோடு கணினியில் கட்டிவைத்த ஒரு பதிவு. எண்ணில் ஒரு எழுத்து பிசகினால் அந்தப் பதிவு வேறு யாரோ ஒருவருடையது. இந்தியப் பாஸ்போர்ட்டில் முதலில் ஒரு ஆங்கில எழுத்து, பிறகு ஏழு இலக்கம். எனவே முதல் இடத்துக்குப் பின் வட்டமாகத் தெரிவது எப்போதும் பூஜ்யம்தான், 'ஓ' அல்ல. இ.டி.ஏ. வாங்கியபின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் பழைய அனுமதி பழைய எண்ணோடு போயிற்று. அந்த நாடு வேறுவிதமாகச் சொல்லாதவரை மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

*"பாஸ்போர்ட் அடுத்த பொங்கல் வரைக்கும் இருக்குங்களே."*

சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் என்று நாம் வழக்கமாகப் போகும் நாடுகள் ஆறு மாதம் மிச்சம் கேட்கும். மார்கழியில் போகிறவருக்கு அடுத்த தை வரை செல்லுபடியாகும் பாஸ்போர்ட் உதவாது.

*"அமெரிக்க விசா இருக்கு, உலகமே திறந்த கதவு."*

சில கதவுகள் திறக்கும், பாதி திறக்கும். செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ உள்ள இந்தியர்களுக்கு அமீரகம் இறங்கியபின் 14 நாள் விசா தருகிறது. சிங்கப்பூரும் 96 மணி நேரம் தரும், ஆனால் வழிப்பயணிகளுக்கு மட்டும். மூன்றாவது நாட்டுக்குப் போகும்போதோ அங்கிருந்து வரும்போதோ இடையில் இறங்கலாம். கோவையில் ஏறி, சிங்கப்பூரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி கோவைக்கே வருவது வழிப்பயணம் ஆகாது.

அதேபோல 'சில பவுண்டுகளில் லண்டன்' என்று வரும் விளம்பரங்கள். பிரிட்டனின் இ.டி.ஏ. விசா தேவைப்படாத நாட்டினருக்கானது. 2025-ல் அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் அதற்குள் வந்தார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முறையான விசாதான். கனடாவும் அப்படியே. 'இ-பாஸ்போர்ட் வாங்கியாச்சு, இனி இ-விசா தானா வந்துடும்' என்பதும் இந்த வகை. மேலட்டையில் சிப் இருப்பது பாஸ்போர்ட் போலியல்ல என்று காட்டத்தான்.

*"பத்தாவது தேறலீங்க, வெளிநாடே போக முடியாது."*

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் வரும் 'இ.சி.ஆர்.' (குடிபெயர்வுச் சோதனை தேவை) முத்திரை, வளைகுடா நாடுகள், மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குறுக்கே வரும். 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி அதற்குத் தனி அனுமதி வேண்டும். மகனைப் பார்க்கப் போகும் அம்மாவுக்கு, செல்லுபடியாகும் விசாவும் திரும்பும் டிக்கெட்டும் இருந்தால் தடையில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம்தான் ஆபத்து. அந்த அனுமதியைத் தவிர்ப்பதற்காக, "டூரிஸ்டா ஏறிக்க தம்பி, அங்க போய் மாத்திக்கலாம்" என்கிற ஏஜென்டுகள். அப்படிப் போகிறவருக்கு வேலை ஒப்பந்தம் அரசிடம் பதிவாகாது. அனுமதியோடு போகிறவர்களுக்குக் கிடைக்கும் 10 லட்ச ரூபாய் காப்பீடும் கிடையாது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்ய வைக்கப்பட்டு, 2022-ல் மீட்கப்பட்டு சென்னை திரும்பினார்கள். சுற்றுலாவுக்காகத் தளர்த்தப்பட்ட விதி, ஆள் பிடிப்பவர்களுக்கும் வசதியாகத்தான் இருக்கிறது.

*"முக்திநாத்துக்கு ஆதார் போதுங்க."*

வயதைப் பொறுத்தது. முக்திநாத் இருக்கும் நேபாளத்துக்கு விசா இல்லை, உண்மை. ஆனால் 15 முதல் 65 வயது வரை உள்ளவர்கள் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கொண்டுபோக வேண்டும். அதற்குக் கீழும் மேலும் உள்ளவர்களுக்குத்தான் ஆதார் செல்லும். சாளக்கிராமம் சேவிக்கக் குடும்பத்தோடு போகும்போது தாத்தாவின் ஆதார் செல்லுபடியாகி, அப்பாவின் ஆதார் செல்லாமல் போவது இதனால்தான்.

*"நம்ம பேரனுக்கு நம்ம ஊருக்கு வர எதுக்குங்க விசா?"*

அவன் பிறந்தது டல்லாஸில், பாஸ்போர்ட் அமெரிக்காவுடையது. இந்தியாவும் இதே விளையாட்டை ஆடும் நாடுதான். 2014 நவம்பர் 27-ல் தொடங்கிய நம் இ-விசா முறையில் 2017-ல் கோவை விமான நிலையமும் சேர்ந்தது. அதில் ஒப்புதல் ஆகி வரும் தாளிலும் இருப்பது மின்னணுப் பயண அனுமதி என்ற அதே சொல்தான். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பிரிவு. அவினாசி சாலை மருத்துவமனைகளுக்கு சிகிச்சைக்கு வருகிறவர் மருத்துவ விசாவில் வர வேண்டும், துணைக்கு இரண்டு பேர் வரை தனிப் பிரிவில் வரலாம். கொடிசியா கண்காட்சிக்குச் சரக்கு வாங்க வருகிறவருக்கு வணிகப் பிரிவு. பேரனுக்குச் சுற்றுலா இ-விசா, இல்லையென்றால் ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை. 30 நாள் சுற்றுலா இ-விசாவுக்குக் குறைந்தது நான்கு நாள் முன்பாகவாவது விண்ணப்பிக்க வேண்டும். ஓ.சி.ஐ. அட்டை அவ்வளவு சீக்கிரம் கைக்கு வராது. மொட்டை, காதுகுத்துக்கு நாள் குறிக்கும்போதே அதற்கும் சேர்த்து நாள் குறித்துக்கொள்ள வேண்டும்.