இந்த மார்க்குக்கு ஆராய்ச்சியா?

கேள்வி: என் மகன் பி.எஸ்சி. பயோடெக்னாலஜி கடைசி செமஸ்டரில் இருக்கிறான். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன். முதல் வருடம் இரண்டு அரியர் விழுந்தது. அடுத்த வருடமே எழுதித் தேறிவிட்டான். இப்போது சிஜிபிஏ 6.4. எம்.எஸ்சி. முடித்துவிட்டு பிஎச்.டி. செய்யப்போகிறேன் என்கிறான். “இந்த மார்க்குக்கு ஆராய்ச்சியா? பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கச் சொல்லுங்க” என்கிறார் என் மைத்துனர். இளநிலை மதிப்பெண்ணை வைத்தே ஒருவன் மேற்படிப்பில் தேறுவானா என்று சொல்லிவிட முடியுமா ஐயா?
– ஒரு தந்தை, துறையூர்

பதில்: ஓரளவுதான் சொல்ல முடியும். இன்று வாங்கும் மார்க், அடுத்த பரீட்சையில் வாங்கப்போகும் மார்க்கை ஓரளவு காட்டும். பரீட்சையைத் தாண்டி வேலைக்குள் போகப் போக அதன் பிடி தளர்ந்துவிடும். மருத்துவப் படிப்பில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு தொகுப்பாய்வில், மருத்துவக் கல்லூரி மாணவர்களின் தேர்ச்சியில் தெரிந்த ஏற்றத்தாழ்வில் 23 சதவீதத்தை முந்தைய படிப்பின் மதிப்பெண் விளக்கியது. பட்டம் வாங்கியபின் பெறும் பயிற்சிக் காலத்தில் அது 6 சதவீதமாகிவிட்டது.

ஆராய்ச்சியில் நிலைமை இன்னும் தெளிவு. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் உயிரியல் மருத்துவத் துறையின் 280 பிஎச்.டி. மாணவர்களைப் பற்றிய ஆய்வு 2017-இல் வெளியானது. முதல் ஆசிரியராக யார் அதிக ஆய்வுக் கட்டுரை வெளியிடுவார் என்பதை இளநிலை மதிப்பெண்ணும் காட்டவில்லை, ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் காட்டவில்லை, நேர்காணலும் காட்டவில்லை. அவர்களைக் கூடவே வைத்து வேலை வாங்கிய பேராசிரியர்கள் எழுதிய பரிந்துரைக் கடிதம் காட்டியது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த 280 பேரும் ஏற்கெனவே வடிகட்டி எடுக்கப்பட்டவர்கள். ஆகவே மார்க்கே வேண்டாம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

மகனின் மார்க் ஷீட்டை செமஸ்டர்வாரியாக எடுத்துவைத்துப் பாருங்கள். தமிழ்வழியில் வந்த பிள்ளைகள் முதல் இரண்டு செமஸ்டரில் பாடத்தோடு ஆங்கிலத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். அங்கே விழுந்த அரியருக்காக ஒரு பையனை ஆராய்ச்சிக்கு லாயக்கில்லை என்பது பெரிய அநியாயம். மூன்றாவது செமஸ்டரிலிருந்து மார்க் ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் 6.4 என்ற சராசரி அவனைக் குறைத்தே காட்டுகிறது. கடைசி வருடமும் முக்கியப் பாடங்களில் தடுமாறினால், அதை மறைக்காமல் அவனோடு உட்கார்ந்து பேசுங்கள்.

பிறகு அவனுடைய ப்ராஜெக்ட் நோட்டைக் கேட்டு வாங்குங்கள். டி.என்.ஏ.வைப் பெருக்கும் பிசிஆர் சோதனை போட்டு, ஜெல்லில் ஒரு பேண்ட்கூட வராத நாளில் என்ன எழுதியிருக்கிறான்? “ரிசல்ட் வரவில்லை” என்று முடித்திருக்கிறானா, இல்லை வெப்பநிலையை மாற்றினேன், பிரைமரைப் புதிதாகக் கரைத்தேன், மறுபடி போட்டேன் என்று வரிசையாக எழுதியிருக்கிறானா? இரண்டாவது வகைப் பையனை எந்த கைடும் விட மாட்டார்.

நடைமுறைக்கு வருவோம். எம்.எஸ்சி. சேர ஜாம், காட்-பி போன்ற நுழைவுத் தேர்வுகள் இருக்கின்றன. சில இடங்களில் பி.எஸ்சி.யில் குறைந்தபட்ச சதவீதம் கேட்பார்கள், விண்ணப்பிக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். எம்.எஸ்சி. முடித்து, பிஎச்.டி.க்காக சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு எழுத, பொதுப்பிரிவினருக்கு அந்த எம்.எஸ்சி.யில் 55 சதவீதம் வேண்டும். இந்தக் கோடை விடுமுறையில் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஏதாவது ஒரு லேபில் இரண்டு மாதம் வேலை செய்ய அனுமதி கேட்கச் சொல்லுங்கள், சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அங்கே அவனைத் தினமும் பார்க்கும் பேராசிரியரிடம், இவன் ஆராய்ச்சிக்கு வருவானா என்று நீங்களே நேரில் போய்க் கேளுங்கள்.