மாடித் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும்

சென்னையில் ஐப்பசி, கார்த்திகை பிறந்தாலே கிடங்கு வைத்திருக்கும் வணிகப் பெருமக்களுக்கு வயிற்றைக் கலக்கும். தெருவில் நிற்கும் மழைத்தண்ணீரைக்கூடச் சமாளித்துவிடலாம். கழிவறை வழியாக எதிர்த்து வரும் சாக்கடைத் தண்ணீர்தான் பெரிய நஷ்டம். சாக்கடை தொட்ட பருப்பு மூட்டையை மாட்டுத் தீவனத்துக்குக்கூடத் தள்ள முடியாது, தள்ளவும் கூடாது.

கூவம் நாறுகிறது என்று குறை கூறும் நாம், முதலில் நம் மொட்டை மாடியைப் பார்க்க வேண்டும். சென்னையில் கழிவுநீருக்குக் குழாய், மழைநீருக்கு வடிகால் என இரண்டும் தனித்தனி. ஆனால் மாடிக் குழாயை அருகிலுள்ள சாக்கடைத் தொட்டியில் இணைத்துவிடுவது வேலையாளுக்குச் சுலபம். கட்டடக்காரரும் கேட்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மாடி சுமார் 93 சதுர மீட்டர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்தால் 9,300 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 100 லிட்டர் வீதம் நாளொன்றுக்குக் கழிவுநீர் 500 லிட்டர். ஆக, 18 நாள் சாக்கடைக்குச் சமமான தண்ணீர் ஒரே நாளில் குழாயில் இறங்குகிறது! குழாயும் உந்து நிலைய மோட்டாரும் வழக்கத்தைப்போல் இரண்டு, மூன்று மடங்கு தாங்கும். மிஞ்சியது தாழ்வான இடத்து மேன்ஹோலில் பொங்கி, மழைநீர் வடிகாலில் விழுந்து, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் போகிறது. வழியில் பள்ளத்தில் ஒரு கடை இருந்தால் அங்கேயும் நுழைகிறது.

தெருத் தண்ணீர் வடிய மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடும் பழக்கமும் இதே கேட்டைத்தான் செய்கிறது. ஆள் விழும் அபாயம் வேறு.

2003-ல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அப்போது பெயருக்கு இறக்கிய குழாய்களும் உண்டு. உங்கள் குழாய் எங்கே போகிறது என்று அறிய, மாடியில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாக்கடைத் தொட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே வந்தால் பிளம்பரை அழைத்து இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

அந்தத் தண்ணீரை மணல், ஜல்லி போட்ட வடிகட்டித் தொட்டி வழியாகச் சம்புக்கோ பழைய கிணற்றுக்கோ விடலாம். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். மாடி அழுக்கெல்லாம் அதில்தான் வரும். கிணறு இல்லாதவர்கள் கசிவுக் குழி தோண்டலாம். மூன்றடி அகலம், ஐந்தடி ஆழமுள்ள வட்டக் குழியின் கொள்ளளவே சுமார் 1,000 லிட்டர்தான். ஜல்லி போட்டால் இன்னும் குறையும். களிமண் பூமியில் மெதுவாகத்தான் இறங்கும். ஆகவே மிகுதி மழைநீர் வடிகாலுக்குப் போக வழி வைக்க வேண்டும். புரட்டாசியிலேயே மணலை அள்ளிக் கழுவிப் போடுவது அவசியம்.

ஒரு கட்டடம் மட்டும் செய்தால் நம் கிடங்கு தப்பாது. மேட்டுத் தெருவின் மாடித் தண்ணீரும் அதே குழாயில்தான் வருகிறது. வாடகைக் கட்டடமானால் உரிமையாளரிடம் இந்தக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள். பிறகு வரிசையிலுள்ள கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே பிளம்பரை வைத்து எல்லாக் குழாய்களையும் பார்த்துவிடலாம். கூலியும் குறையும்.